கப்பல் ஆட்டத்தை ஆக்டேவில் ஓட்டிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியறையில் ஞாயிறு மாலைகளில் கணினிவழிக் கணக்கு சொல்லித் தருகிறோம். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வட சென்னையின் பல இடங்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். நிகழ்தகவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பாடம் பேட்டில்ஷிப் எனும் கப்பல் ஆட்டம், அதை ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறோம். வகுப்பிலும் வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் முதல் நாளே வேலையில் இறங்கிவிடலாம்.

அக்கா, எனக்கு ஆட்டமே தெரியாது. முதலில் அதைச் சொல்லுங்களேன்.

இரண்டு பேர் ஆடுவது. ஆளுக்கு ஒரு பலகை, பத்துக்குப் பத்து, மொத்தம் 100 கட்டம். கிடையாக 1 முதல் 10 வரை எண்கள், மேலிருந்து கீழாக ஏ முதல் ஜே வரை எழுத்துகள். ஒவ்வொருவரும் ஐந்து கப்பல்களை எதிராளி பார்க்காதபடி வைக்க வேண்டும். அவற்றின் நீளம் 5, 4, 3, 3, 2 கட்டங்கள். படுக்கையாகவோ செங்குத்தாகவோ வைக்கலாம், குறுக்காக வைக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கலாம். பிறகு மாற்றி மாற்றி "சி 4", "ஜி 7" என்று கட்டத்தைச் சொல்லிச் சுட வேண்டும். எதிராளி ஹிட்டா மிஸ்ஸா என்று சொல்வார். ஒரு கப்பலின் எல்லாக் கட்டமும் அடிபட்டால் எந்தக் கப்பல் மூழ்கியது என்றும் சொல்வார். எதிராளியின் 17 கப்பல் கட்டங்களையும் முதலில் அடித்தவர் ஜெயித்தார்.

முதலில் இது காகிதமும் பென்சிலும் வைத்து ஆடியதுதான். அமெரிக்காவில் 1931-இல் சால்வோ என்ற பெயரில் அச்சிட்ட தாள்களாக விற்றார்கள். இன்று கடையில் பார்க்கும், ஊசி குத்தும் பிளாஸ்டிக் பெட்டி வடிவத்தை மில்டன் பிராட்லி நிறுவனம் 1967-இல் கொண்டு வந்தது. நம் வகுப்பில் கிராஃப் நோட்டே போதும்.

கணினியில் ஓட்டும்போது இரண்டு பேர் தேவையில்லை. ஒளிந்திருக்கும் ஒரு கப்பல் கூட்டத்தை முழுதாக அழிக்க எத்தனை குண்டு ஆகிறது என்பதை மட்டும் எண்ணினால் போதும். அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, சுடும் முறை அவ்வளவு நல்லது.

கேரம் நம்ம ஏரியா ஆட்டம். அதை விட்டுவிட்டு ஏன் இது?

கேரமில் காயின் மோதுவது, போர்டில் உரசி வேகம் குறைவது, ஓரத்தில் பட்டுத் திரும்புவது என்று இயற்பியலே பாதி வேலையைப் பிடித்துக்கொள்ளும். கப்பல் ஆட்டத்தில் நூறு கட்டம், ஐந்து கப்பல், அவ்வளவுதான். "இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இன்னும் என்னென்ன சாத்தியம்?" என்ற ஒரே கேள்விதான் முழு ஆட்டமும். நிபந்தனை நிகழ்தகவைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எந்த மென்பொருள்? மேட்லேப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஆக்டேவ் இலவசம், மேட்லேபில் எழுதுவது பெரும்பாலும் அப்படியே அதில் ஓடும். கல்லூரியில் சைலேப் வைத்திருந்தால் அதுவும் சரி, கட்டளைகளின் பெயர் மட்டும் அங்கங்கே மாறும். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இதற்கெல்லாம் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, தமிழ்க் குரலிலும் உண்டு. மேத்தமேட்டிகா உள்ளவர்கள் தாராளமாக அதிலேயே செய்யலாம். கீழே சொல்வது எல்லாம் ஆக்டேவை மனதில் வைத்து.

லேப்டாப் இல்லை, போன்தான்.

பிரவுசரிலேயே ஓடும் ஆக்டேவ் இருக்கிறது. போனில் தட்டச்சு செய்வது கொஞ்சம் கஷ்டம், ஆனால் இந்தப் பாடம் முழுவதும் போனிலேயே முடியும்.

பலகையை எப்படி வைத்துக்கொள்வது?

இரண்டு அணிகள் (மேட்ரிக்ஸ்) வையுங்கள். ஒன்று ஒளிந்திருக்கும் உண்மைப் பலகை: கடல் 0, கப்பல் 1 முதல் 5. இன்னொன்று சுடுபவருக்குத் தெரியும் பலகை: சுடாத கட்டம் 0, மிஸ் என்றால் -1, ஹிட் என்றால் 1. சுடும் ஃபங்ஷனுக்கு இரண்டாவது பலகையை மட்டுமே கொடுங்கள், முதலாவதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

இன்னொன்று. ஆக்டேவ் ஒரு அணியின் கட்டங்களை நிரல் நிரலாக, மேலிருந்து கீழாக எண்ணும். 3-ஆவது நிரை, 7-ஆவது நிரல் என்றால் ஒற்றை எண்ணில் அது 63. பைத்தானிலிருந்து வருபவர்கள் நிரை நிரையாக எண்ணிப் பழகியிருப்பார்கள். கிடைக்கப் போகும் படம் திரும்பிப் படுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கப்பல்களை ரேண்டமாக வைப்பதில் என்ன பெரிய விஷயம்?

இங்கேதான் அதிகப் பேருடைய புரோகிராம் சத்தமில்லாமல் கெட்டுப்போகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஓடும், எண் வரும், அந்த எண் தப்பாக இருக்கும்.

அடிக்கடி பார்ப்பது இது: 1 முதல் 10 வரை ஒரு தொடக்க நிரலை, ரேண்டமாக ஒரு முழு எண் தரும் ராண்டி கட்டளையால் எடுப்பார்கள். 5 கட்டக் கப்பல் வலது ஓரத்துக்கு வெளியே போனால், "சரி, உள்ளே தள்ளிவிடு" என்று ஒரு வரி எழுதுவார்கள். படுக்கையாக வைக்கும் 5 கட்டக் கப்பல் 1 முதல் 6 வரை ஆறு இடங்களில் தொடங்கலாம். நியாயமாக ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒரு பங்கு வர வேண்டும். தள்ளிவிடும் புரோகிராமில் 7, 8, 9, 10 வந்தாலும் 6-க்கே போய்ச் சேரும். ஆக, 6-க்குப் பத்தில் ஐந்து பங்கு, மற்ற ஐந்து இடங்களுக்கும் பத்தில் ஒன்று. படுக்கையாக வைத்த பெரிய கப்பல்களில் பாதி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்!

கண்டுபிடிக்க வழி எளிது. நிறைய தடவை வைத்து, ஒவ்வொரு கட்டமும் எத்தனை தடவை நிரம்பியது என்று கூட்டி, இமேஜ்எஸ்சி கட்டளையால் படம் போடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் வைப்பதில் கோளாறு.

ஒரு கப்பல் இன்னொன்றின் மேல் ஏறினால் அந்தக் கப்பலை மட்டும் வேறு இடத்தில் வைத்தால் போதாதா?

ஆடுவதற்குப் போதும். எல்லா அமைப்புக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்றால் போதாது. இதைச் சின்னதாக்கிப் பார்ப்போம்.

ஒரே வரிசையில் ஆறு கட்டம். அதில் ஒரு 3 கட்டக் கப்பல், ஒரு 2 கட்டக் கப்பல். பெரியது முதல் கட்டத்தில் தொடங்கினால் மீதி 4, 5, 6; சின்னதை இரண்டு விதமாக வைக்கலாம். இரண்டாவது கட்டத்தில் தொடங்கினால் மீதி 1, 5, 6. சின்னதுக்கு ஒரே இடம். மூன்றாவதில் தொடங்கினாலும் ஒரே இடம். நான்காவதில் தொடங்கினால் மறுபடி இரண்டு. மொத்தம் ஆறு அமைப்புகள். ஆறுக்கும் சம வாய்ப்பு என்றால் பெரிய கப்பல் முதல் கட்டத்தில் தொடங்க வாய்ப்பு ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று. பெரியதை முதலில் வைத்துவிட்டுச் சின்னதை மட்டும் மாற்றி மாற்றி வைத்தால் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றாகிவிடுகிறது. நடு இடங்களுக்கு ஆறில் ஒன்று வர வேண்டியது, அதுவும் நான்கில் ஒன்றாக ஏறிவிடுகிறது.

தீர்வு: எங்காவது ஏறிவிட்டால் ஐந்து கப்பலையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து வையுங்கள். வீண் வேலை போலத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கட்டக் கப்பல் தனியாக இருந்தால் 120 நிலைகள். 4 கட்டத்துக்கு 140, 3 கட்டத்துக்கு 160, 2 கட்டத்துக்கு 180. கப்பல்கள் ஒன்றையொன்று கவனிக்காமல் வைத்தால் 120 × 140 × 160 × 160 × 180, அதாவது சுமார் 7,741 கோடி. இதில் எதுவும் எதன் மேலும் ஏறாத அமைப்புகள் 30,093,975,536, சுமார் 3,009 கோடி. ஐந்தில் இரண்டு தடவை முதல் முயற்சியிலேயே சரியாக விழும், சராசரியாக 2.6 முயற்சி ஆகும். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை.

பெரிய பலகையில் இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான். இருந்தாலும் சரியான முறை இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது தப்பானதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

என் புரோகிராம் சரியாக எண்ணுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் மடத்தனமான சுடுபவரை எழுதுங்கள். ராண்ட்பெர்ம் கட்டளையில் 100 கொடுத்தால் கட்டங்களின் ஒரு வரிசை மாற்றம் கிடைக்கும், அந்த வரிசையிலேயே சுட வேண்டியது. இதற்கு விடை பேனாவால் தெரியும்: சராசரி 17 × 101 / 18 = 95.39 குண்டு. நூறாவது குண்டு வரை போகும் வாய்ப்பு சரியாக 17 விழுக்காடு, ஏனென்றால் கடைசியில் சுடும் கட்டம் கப்பல் கட்டமாக இருக்கும் வாய்ப்பு அதுதான்.

திட்ட விலக்கத்தையும் சூத்திரத்தில் எடுக்கலாம், 4.81 வரும். ஆகவே 10,000 ஆட்டம் ஓட்டினால் சராசரியின் பிழை 4.81-ஐ 100-ஆல் வகுத்தது, சுமார் 0.05. உங்களுக்கு 95.3 முதல் 95.5 வரைக்குள் வந்தால் நல்லது. 94 வந்தால் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனை எண்ணுவதைத்தான் சோதிக்கிறது, வைப்பதைச் சோதிக்கவில்லை. கண்மூடிச் சுடுபவருக்குக் கப்பல் எங்கே இருந்தாலும் ஒன்றுதான், எல்லாம் ஒரே மூலையில் குவிந்திருந்தாலும் 95.39-தான் வரும். அதனால்தான் மேலே சொன்ன படச் சோதனை தனியாக வேண்டும்.

ஹிட் ஆனதும் சுற்றிச் சுட்டால் எவ்வளவு குறையும்?

நன்றாகவே குறையும். ஹிட் கிடைக்கும் வரை கண்மூடிச் சுடு, கிடைத்ததும் நான்கு பக்கமும் சுட்டு அந்தக் கப்பலை முடி, மறுபடி தேடு. இவ்வளவே செய்தாலும் சராசரி அறுபதுகளுக்கு இறங்கிவிடும். எல்லோரும் எழுத வேண்டிய இரண்டாவது புரோகிராம் இது.

தேடும்போது சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று சுட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், 2 கட்டக் கப்பல் எங்கே இருந்தாலும் அதில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தே தீரும், 50 கட்டத்தில் எல்லாக் கப்பலையும் தொட்டுவிடலாம். 2 கட்டக் கப்பல் மூழ்கிவிட்டால் மூன்றுக்கு ஒன்றாக 33 கட்டம் போதும். 4-ம் 5-ம் மட்டும் மிச்சமிருந்தால் 24 போதும். ஆனால் அடுத்து வரும் முறையில் இதெல்லாம் நாம் சொல்லாமலே தானாக வந்துவிடும்.

ஹீட்மேப் என்கிறார்களே, அது எப்படி வருகிறது?

ஒரு கட்டத்தின் மேல் எத்தனை கப்பல் நிலைகள் போக முடியும் என்று எண்ணுவதுதான். காலிப் பலகையில் இதைக் கையாலேயே செய்துவிடலாம், வகுப்பில் எல்லோரையும் ஒரு தடவை செய்யச் சொல்கிறேன்.

ஒரு நிரையை மட்டும் எடுங்கள். படுக்கையாக வைக்கும் 5 கட்டக் கப்பல் முதல் கட்டத்தை ஒரே விதமாகத் தொடும், இரண்டாவதை இரண்டு விதமாக, அப்படியே போய் ஐந்தாவதை ஐந்து விதமாக. மற்ற நான்கு கப்பல்களுக்கும் இதே மாதிரி எண்ணிக் கூட்டினால் ஒரு நிரையின் பத்துக் கட்டங்களுக்கும் 5, 10, 14, 16, 17, 17, 16, 14, 10, 5 என்று வரும். செங்குத்தாக வைப்பதற்கும் இதே பத்து எண்கள்தான், மேலிருந்து கீழாக. ஒரு கட்டத்தின் மதிப்பு அதன் நிரல் எண்ணுக்கு உரியதும் நிரை எண்ணுக்கு உரியதும் சேர்ந்தது. மூலைக்கு 5 + 5 = 10. நடுவிலுள்ள நான்கு கட்டங்களுக்கு 17 + 17 = 34. முதல் நிரை முழுவதும் 10, 15, 19, 21, 22, 22, 21, 19, 15, 10.

நூறு கட்டத்தையும் கூட்டினால் 2,480 வர வேண்டும். உங்கள் புரோகிராம் வெற்றுப் பலகைக்கு இந்த எண்ணைத் தராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஒவ்வொரு மிஸ்ஸுக்குப் பிறகும் அந்தக் கட்டத்தின் வழியாகப் போகும் நிலைகளை அடித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். நடுவில் ஒரு மிஸ் விழுந்ததும் அதைச் சுற்றி எண்கள் சரிவதையும், தூரத்தில் புதிய மேடு எழுவதையும் படத்தில் பார்க்கலாம். நான்கு கட்டம் சமமாக 34-இல் நிற்கும்போது மேக்ஸ் கட்டளை எப்போதும் முதலில் உள்ளதையே தரும். சமமானவற்றில் ஒன்றை ரேண்டமாக எடுக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

ஹிட் ஆன பிறகு ஹீட்மேப்பில் என்ன செய்வது?

அந்தக் கட்டத்தின் வழியாகப் போகும் நிலைகளுக்குப் பெரிய எடை கொடுங்கள், நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஹிட்டுகளைத் தொடும் நிலைக்கு நூறு பெருக்கல் நூறு. அப்புறம் கப்பல் எந்தத் திசையில் கிடக்கிறது என்று நீங்கள் தனியாக எழுதவே வேண்டாம். ஒரே கோட்டில் இரண்டு ஹிட் விழுந்ததும் அந்தக் கோட்டின் இரு முனைகளும் தானாகப் பளிச்சிடும். இது துல்லியமான நிகழ்தகவு அல்ல, குறுக்குவழிதான், ஆனால் நன்றாக வேலை செய்யும்.

நடுவில் ஒரு ஹிட், வேறு எதுவும் தெரியாது என்று வையுங்கள். அதன் வழியாக 34 நிலைகள் போகின்றன, அவற்றில் 12 வலப்பக்கத்துக் கட்டத்தையும் தொடும். மற்ற மூன்று பக்கமும் அப்படித்தான். மூலையில் ஹிட் என்றால் 10 நிலைகள், பக்கத்துக்கு 5. மூலையில் மாட்டிய கப்பலுக்கு ஓட இடம் குறைவு!

மூழ்கிய செய்தி வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். கப்பல்கள் ஒட்டி நிற்கலாம் என்பதால் வரிசையாக ஐந்து ஹிட் இருக்கும், எதிராளி "3 கட்டக் கப்பல் மூழ்கியது" என்பார். எந்த மூன்று? கடைசியாகச் சுட்ட கட்டத்தைத் தொட்டு, முழுக்க ஹிட்டாக உள்ள 3 கட்ட நிலைகளைத் தேடுங்கள். ஒன்றே ஒன்று கிடைத்தால் அந்தக் கட்டங்களை மூடிவிடலாம். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் திறந்தே வைத்திருங்கள்.

நிலைகளை எண்ணிக் கூட்டினால் போதும்தானே? வகுக்க வேண்டும் என்று வகுப்பில் ஏதோ சொன்னீர்கள்.

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள். ஒவ்வொரு கப்பலின் எண்ணிக்கையையும், அந்தக் கப்பலுக்கு இன்னும் மிச்சமிருக்கும் மொத்த நிலைகளால் வகுத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

தொடக்கத்தில் வித்தியாசம் தெரியாது. 34-க்கும் 10-க்கும் விகிதம் 3.4. வகுத்துக் கூட்டினால் நடுக்கட்டத்துக்குச் சுமார் 0.238, மூலைக்கு 0.067, விகிதம் ஏறக்குறைய அதே 3.5. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வகுப்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஆட்டம் முற்றும்போது பாருங்கள். 5 கட்டக் கப்பலுக்கு இரண்டே நிலைகள் மிச்சம், அவை வெவ்வேறு இடத்தில். 2 கட்டக் கப்பலுக்கு இன்னும் 60 நிலைகள். திறந்த வெளியில் ஒரு கட்டத்தின் மேல் சின்னக் கப்பல் நான்கு விதமாகப் போகலாம், ஆக எண்ணிக்கை 4. பெரிய கப்பல் கிடக்கக்கூடிய கட்டத்தில் எண்ணிக்கை வெறும் 1. வெறுமனே கூட்டும் புரோகிராம் 4-ஐப் பார்த்துத் திறந்த வெளியில் சுடும். உண்மை வாய்ப்பு என்ன? அங்கே 60-இல் 4, பதினைந்தில் ஒன்று. பெரிய கப்பலின் கட்டத்திலோ இரண்டில் ஒன்று! கூட்டும் முன் வகுத்தால் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நிலைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது அந்தக் கப்பலுக்கு வேறு எத்தனை நிலைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பாடப் புத்தகத்தில் கூறுவெளி என்று படித்தது இதைத்தான்.

ஓட ரொம்ப நேரம் எடுக்கிறது அக்கா.

ஃபார் லூப்புக்குள் ஃபார் லூப் போட்டிருப்பீர்கள். ஆக்டேவ் லூப்பில் மெதுவாக ஓடும், அணிப் பெருக்கலில் பறக்கும். அதனால் எல்லா நிலைகளையும் ஒரே அணியில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 120 + 140 + 160 + 180 = 600 நிலைகள் (3 கட்டக் கப்பல்கள் இரண்டும் ஒரே 160-ஐப் பகிர்ந்துகொள்ளும்). ஒவ்வொரு நிலையும் ஒரு நிரை, 100 நிரல்கள், கப்பல் தொடும் கட்டத்தில் 1, மற்றதில் 0. இந்த 600க்கு 100 அணியை ஒரு தடவை செய்தால் போதும்.

மிஸ் ஆன கட்டங்களில் 1 உள்ள நீள நிரலை இதன் வலப்பக்கம் பெருக்குங்கள். 600 எண்கள் வரும், எது 0 தருகிறதோ அந்த நிலை இன்னும் உயிரோடு இருக்கிறது. உயிரோடு உள்ளவற்றின் எடைகளை நிரல் அணியாக எடுத்து, நிரை நிரல் மாற்றிவிட்டு, அதே அணியின் இடப்பக்கம் பெருக்குங்கள். 100 எண்கள் வரும். பத்துக்குப் பத்தாக மடித்தால் அதுதான் ஹீட்மேப். இரண்டே பெருக்கல், லூப் இல்லை. கான்வ்2 கட்டளையாலும் இதைச் செய்யலாம், ஆனால் எடை கொடுப்பதும் வகுப்பதும் இந்த அணியில்தான் சுலபம்.

எத்தனை ஆட்டம் ஓட்டினால் நம்பலாம்?

பிழை ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் வேண்டும். முதலில் 1,000, கடைசியாக அறிக்கைக்கு 10,000.

இரண்டு முறைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே கப்பல் அமைப்புகளைக் கொடுங்கள். 1,000 அமைப்புகளை ஒரு தடவை உண்டாக்கிச் சேமித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு முறைகளையும் ஓட்டி, வித்தியாசத்தின் சராசரியை எடுங்கள். கஷ்டமான அமைப்பு இரண்டு பேருக்குமே கஷ்டமாக இருக்கும் என்பதால் குறைவான ஆட்டத்திலேயே எது மேல் என்று தெளிவாகும். சராசரியை மட்டும் பார்க்காமல் ஹிஸ்டோகிராமும் போடுங்கள்.

எதிராளிக்கு நம் முறை தெரிந்துவிட்டால்?

ஓரமாகப் பதுங்கிக்கொள்வார். ஹீட்மேப் நடுவில்தான் தொடங்கும், ஓரங்களுக்குக் கடைசியில்தான் வரும். எல்லாக் கப்பலையும் ஓரத்தில் வைத்து உங்கள் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள், சராசரி ஏறும். நிலைகளுக்கு எல்லாம் சம எடை என்ற அனுமானம் அங்கே உடைந்துபோகிறது. அதே எதிராளியோடு பல ஆட்டம் ஆடினால் அவர் முன்பு வைத்த நிலைகளுக்கு எடையைக் கூட்டலாம். அவரும் அதைத் தெரிந்துகொண்டு மாற்றுவார். இதற்கு மேல் போனால் ஆட்டக் கோட்பாடு, அது தனிப் பாடம்.

பலகை சதுரமாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகள் மீன்பிடித் துறைமுகத்தையே பலகையாகப் போட்டார்கள். அலைதடுப்புக் கற்சுவர் வரும் கட்டங்களையும் கரைக் கட்டங்களையும் கறுப்படித்துவிட்டு, மிச்சமுள்ள நீரில் விசைப்படகு மூன்று கட்டம், ஃபைபர் படகு இரண்டு கட்டம் என்று வைத்தார்கள். புரோகிராமில் மாற்ற வேண்டியது ஒரே வரி: தொடக்கத்திலேயே அந்தக் கட்டங்களையெல்லாம் மிஸ் என்று குறித்துவிடுவது. மீதியை 600 நிரை அணியே பார்த்துக்கொள்ளும். சுவர் உள்ளே வளையும் இடத்தில் ஹீட்மேப் எப்படி நெளிகிறது என்று பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் இந்தப் பலகையில் செல்லாது, எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணூர் கழிமுகத்தைப் போடப் போகிறோம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். காத்திருக்கிறேன்.

எம்டன் இப்படித்தான் குத்துமதிப்பாகச் சுட்டதா?

நம் பக்கத்து மாணவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. ஆனால் தளபதி கார்ல் ஃபான் முல்லர் ஊகிக்கவில்லை. தேடுவிளக்கைப் போட்டு, இலக்கைப் பார்த்துத்தான் சுட்டார். நம் ஆட்டத்தில் அந்த விளக்கு கிடையாது.

கப்பல்கள் ஒட்டக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஆடுவோம்.

அப்படியும் ஒரு மரபு உண்டு. ரஷ்யாவில் ஆடும் வடிவத்தில் கப்பல்கள் மூலையோடு மூலைகூடத் தொடக் கூடாது. கப்பல்களும் வேறு: ஒரு 4 கட்டம், இரண்டு 3 கட்டம், மூன்று 2 கட்டம், நான்கு 1 கட்டம், மொத்தம் 20 கட்டங்கள். ஒரு கப்பல் மூழ்கியதும் அதைச் சுற்றியுள்ள எல்லாக் கட்டமும் மிஸ் என்று இலவசமாகத் தெரிந்துவிடும். ஆனால் 1 கட்டக் கப்பல்களைக் கண்டுபிடிப்பது நாய் படாத பாடு. ஒன்று விட்டு ஒன்று சுடும் தந்திரம் அங்கே பலிக்காது.

அக்கா, எனக்குச் சராசரி 29 வருகிறது! எல்லோரையும்விட நான்தான் பெஸ்ட்டா?

ஹீட்மேப் முறையை ஒழுங்காக எழுதினால் சராசரி நாற்பதுகளில் வரும். 17-க்குக் கீழே போகவே முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் 29-உம் நம்ப முடியாத எண்தான். எங்கோ ரகசியம் கசிகிறது. மூன்று இடங்களைப் பாருங்கள். சுடும் ஃபங்ஷன் உண்மைப் பலகையைப் படிக்கிறதா? ஹிட் என்று குறிக்கும்போது 1-க்குப் பதிலாகக் கப்பலின் எண்ணையே எழுதிவிட்டீர்களா? அப்படியென்றால் எந்தக் கப்பல் அடிபட்டது என்பது மூழ்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. ரேண்டம் விதை எண்ணை ஆட்டத்துக்கு ஆட்டம் மறுபடி அதே எண்ணாக வைக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் ஓட்டியது 10,000 ஆட்டம் அல்ல, ஒரே ஆட்டத்தைப் பத்தாயிரம் தடவை. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் 29 வந்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பெரிய திரையில் போட்டு வரி வரியாகப் பார்க்கலாம்.